அராக்கிஸில் பெய்த மழை



இன்றைய பேச்சு ஒரு மழையைப் பற்றியது. 1984 டிசம்பர் 14 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் பெய்த மழை. திரைக்குள்தான் பெய்தது. ஆனாலும் அதில் நனைந்த வாசகர்கள் நாற்பது ஆண்டுகள் கடந்தும் இன்னும் தலை துவட்டி முடிக்கவில்லை.

டேவிட் லிஞ்ச் இயக்கிய 'டூன்' படத்தின் கடைசிக் காட்சி அது. அராக்கிஸ் என்னும் பாலைக் கோள். மழை என்பதையே அறியாத மண். நாயகன் பால் அட்ரெய்டீஸ் எதிரியை வீழ்த்துகிறான்.  வானம் இருள்கிறது. மழை கொட்டுகிறது. அவனே மீட்பன் என்று அவனுடைய சின்னஞ்சிறு தங்கை அறிவிக்கிறாள். படம் முடிகிறது. கதை தெரியாமல் வந்தவருக்கு மனம் நிறைந்திருக்கும். கொடியவர்கள் ஒழிந்தார்கள், காய்ந்த மண் குளிர்ந்தது, வேறென்ன வேண்டும்? பிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலைப் படித்துவிட்டு வந்தவர்களோ இருக்கையில் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். நாவலில் அந்த மழை கிடையாது. கிடையாது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாவலின் கணக்குப்படி அந்த மழை பெய்யவே கூடாது.

ஏன் பெய்யக் கூடாது? ஒரு மழையில் அப்படி என்ன குற்றம்? அதைச் சொல்ல நாவலுக்குள் போக வேண்டும்.

டூன் என்றால் மணற்குன்று. தென்பாண்டிச் சீமையில் தேரி என்பார்களே, அது. ஹெர்பர்ட் பத்திரிகையாளர். 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் உள்ள புளோரன்ஸ் என்ற ஊருக்கு அவர் போனார். அங்கே காற்றில் நகரும் மணற்குன்றுகள் சாலைகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டிருந்தன. புல் நட்டு அந்த மணலை நிறுத்த அரசின் வேளாண்மைத் துறை முயன்றுகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் கட்டுரையை முடிக்கவே இல்லை. சேர்த்த குறிப்புகள் பெருகிப் பெருகி ஒரு கோளாக வளர்ந்தன. 1963 டிசம்பர் முதல் 'அனலாக்' இதழில் அது தொடராக வந்தது. நூலாக்க இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் 1965இல் அதை வெளியிட்ட சில்ட்டன் நிறுவனம் எதற்குப் பெயர் பெற்றது தெரியுமா? கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்கு! அந்த நூல் ஹ்யூகோ விருதைப் பகிர்ந்துகொண்டது. சிறந்த நாவலுக்கான முதல் நெபுலா விருதையும் பெற்றது.

அராக்கிஸில் தண்ணீர்தான் செல்வம். ஃப்ரெமென் என்னும் பாலை மக்கள் உடலின் வியர்வையைக்கூட வீணாக்காத உடை உடுத்துகிறார்கள். இறந்தவரின் உடலிலிருந்தும் நீரை மீட்டு ஊருக்குச் சேர்க்கிறார்கள். மணலுக்கடியில் மலைபோன்ற புழுக்கள் வாழ்கின்றன. அந்தப் புழுக்களின் வாழ்க்கைச் சுழற்சியில்தான் ஸ்பைஸ் என்ற பொருள் உண்டாகிறது. ஸ்பைஸ் இல்லாமல் விண்வெளிப் பயணம் இல்லை, வணிகம் இல்லை, பேரரசும் இல்லை. மணற்புழுவுக்கோ தண்ணீர் நஞ்சு. புரிகிறதல்லவா? மழை பெய்தால் புழு சாகும். புழு செத்தால் ஸ்பைஸ் போகும். ஸ்பைஸ் போனால் கதையின் உலகமே சரிந்துவிடும்.

இது வாசகர்களின் முதல் குறை, அறிவியல் குறை. இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. நாவலில் பால் கடவுளா? அல்லவே அல்ல. ஃப்ரெமென் மக்கள் எதிர்பார்த்திருக்கும் மீட்பர் கதையை, பல தலைமுறைகளுக்கு முன்பே ஒரு பெண்துறவியர் அமைப்பு திட்டமிட்டு அந்த மண்ணில் விதைத்து வைத்திருக்கிறது. தங்கள் அமைப்பைச் சேர்ந்த யாராவது ஆபத்தில் மாட்டிக்கொண்டால் அந்த நம்பிக்கை கைகொடுக்கும் என்பதற்காக விதைத்தது. பால் அந்த விளைச்சலை அறுக்கிறான். தன் பெயரால் அண்டமெங்கும் நடக்கப்போகும் படுகொலையை அவன் முன்கூட்டியே காண்கிறான். கண்டும் தடுக்க முடியவில்லை. தலைவனிடம் தன்னை முழுதாக ஒப்படைக்கும் மக்களுக்கு என்ன நேரும் என்ற எச்சரிக்கையாகவே அந்த நாவலை எழுதியதாக ஹெர்பர்ட் பல முறை சொன்னார்.

வாசகர்கள் எச்சரிக்கையைக் கேட்டார்களா? பலர் கேட்கவில்லை. பால் அட்ரெய்டீஸை நாயகனாகவே கொண்டாடினார்கள். 1969இல் ஹெர்பர்ட் 'டூன் மெசையா' எழுதினார். அதில் பால் பேரரசன். அவன் பெயரால் செத்தவர்கள் 6,100 கோடிப் பேர். முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்பல் இரண்டாவதை ஏற்க மறுத்துவிட்டார். தான் கொண்டாடிய நாயகன் நொறுங்குவதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ஆகவே படம் எடுக்கப்படுவதற்கு முன்பே, அச்சிலேயே, இந்த வழக்கு தொடங்கிவிட்டது. பால் நாயகனா, எச்சரிக்கையா? திரைக்கு வந்த ஒவ்வொரு 'டூன்' மீதும் வாசகர்கள் எழுப்பிய புகார்களைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அடியில் இந்த ஒரே கேள்விதான் கிடக்கிறது.

முதலில், எடுக்கப்படாத ஒரு படத்தைப் பார்ப்போம்.

1970களின் நடுவில் அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கி என்ற சிலி நாட்டு இயக்குநர் 'டூன்' எடுக்கப் புறப்பட்டார். சால்வடோர் டாலியும் ஆர்சன் வெல்ஸும் நடிக்க வேண்டும், பிங்க் ஃபிளாய்டு குழு இசையமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. மோபியஸ், ஹெச். ஆர். கீகர், கிறிஸ் ஃபாஸ் ஆகிய ஓவியர்கள் கோளையும் கப்பல்களையும் வரைந்தார்கள். முழுப் படத்தையும் காட்சி காட்சியாக வரைந்து தடித்த புத்தகமாகக் கட்டி ஹாலிவுட் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். பணம் தர யாரும் முன்வரவில்லை. அந்தக் குழுவில் பலர் பிறகு 1979இல் வந்த 'ஏலியன்' படத்தில் சேர்ந்தார்கள்.

ரசிகர்கள் அந்தக் கனவை மறந்தார்களா? 2013இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்து, இழந்த காதலைப் போல அதை வளர்த்தது. 2021 நவம்பரில் அந்த ஓவியப் புத்தகத்தின் ஒரு பிரதி பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை அதிகம் போனால் 35,000 யூரோ. இணையத்தில் ஒன்றுகூடிப் பணம் திரட்டிய ரசிகர் குழு ஒன்று ஏறத்தாழ 26 லட்சம் யூரோ கொடுத்து அதை எடுத்தது. அதன் ஊக்கத்தில் அசைவூட்டத் தொடர் ஒன்றை உருவாக்குவது அவர்கள் எண்ணம். ஆனால் பிரதி கைக்கு வருவதால் பதிப்புரிமை கைக்கு வந்துவிடாதே. கனவு அங்கேயே நின்றது. எடுக்கப்படாத படத்துக்காக இவ்வளவு பணம் கொட்டிய பற்றை நினைத்துப் பாருங்கள்!

அந்தப் படம் எப்படி முடிந்திருக்கும்? ஹொதொரோவ்ஸ்கியே சொல்லியிருக்கிறார். பால் சாகிறான். அவன் உணர்வு எல்லா மனிதர்களுக்குள்ளும் பரவுகிறது. பாலைக் கோள் பசுமையாகி, விழிப்புற்று, அண்டவெளியில் புறப்படுகிறது. அங்கேயும் மீட்பன் மெய்யான மீட்பன். அங்கேயும் பாலை பூக்கிறது.

இனி மீண்டும் 1984. தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ். முதலில் ரிட்லி ஸ்காட்டை அமர்த்தினார். அவர் விலகிப் போய் 'பிளேட் ரன்னர்' எடுத்தார். பிறகு வந்தவர் லிஞ்ச். படப்பிடிப்பு மெக்சிகோ நகரில். செலவு ஏறத்தாழ 4 கோடி டாலர். அமெரிக்காவில் வசூலோ 3 கோடியைச் சற்றே தாண்டியது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டதை 137 நிமிடமாக வெட்டினார்கள். கதை புரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், சில அரங்குகளில் சொற்பொருள் அச்சிட்ட தாள்களைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். விளக்கை அணைத்த பிறகு யார் அந்தத் தாளைப் படிப்பது?

நாவல் வாசகர்களின் புகார்ப் பட்டியல் நீளமானது. நாவலில் பால் கற்பிப்பது உடலையும் மனத்தையும் பழக்கும் போர்க்கலை. படத்தில் அதன் இடத்தில் குரலொலியால் சுடும் ஒரு கருவி வந்தது. நாவலில் பாலின் புதுப்பெயர் போர்முழக்கமாக ஒலிக்கும். படத்தில் அந்தப் பெயரே கருவிக்குள் புகுந்து ஆளைக் கொல்லும் ஒலியானது. மக்கள் வாயில் ஒரு பெயர் எப்படிக் கொலைவாளாகிறது என்பதை ஹெர்பர்ட் பக்கம் பக்கமாகக் காட்டினார். படம் அதைக் கையில் பிடிக்கும் ஆயுதமாக்கிவிட்டது. அதன் பிறகு அந்த மழை.

ஹெர்பர்ட் என்ன சொன்னார்? அவர் படத்தை வெறுக்கவில்லை. தன் உரையாடல்கள் படமெங்கும் கேட்கின்றன என்று மகிழ்ந்தார், படத்துக்காகப் பொதுமேடைகளில் பேசினார். ஆனால் முடிவில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. தான் படைத்த பால் கடவுள் வேடம் போடும் மனிதன், மழையை வரவழைக்கும் கடவுள் இல்லை என்ற பொருளில் எழுதினார். வாசகர்கள் எங்கே திகைத்தார்களோ அதே இடத்தில்தான் எழுதியவரும் நின்றார். 1986 பிப்ரவரியில் அவர் காலமானார்.

லிஞ்சுக்கும் அந்தப் படம் ஆறாத புண். இறுதித் தொகுப்பு உரிமை தன் கையில் இல்லாமல் போனதைப் பற்றி வாழ்நாள் முழுதும் வருந்தினார். தொலைக்காட்சிக்காக அவரைக் கேட்காமலே படத்தை நீட்டினார்கள். அவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். இயக்குநர் என்ற இடத்தில் ஆலன் ஸ்மித்தி என்ற பொய்ப்பெயர் வந்தது. திரைக்கதை என்ற இடத்தில் யூதாஸ் பூத் என்று வந்தது. யூதாஸ் என்ற பெயரில் உள்ள வலியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ரசிகர்களின் கதை வெறுப்போடு முடியவில்லை. வீடியோ கேசட்டில் அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்த ஒரு தலைமுறை வளர்ந்தது. கார்லோ ராம்பால்டி உருவாக்கிய மணற்புழுக்கள், பித்தளையும் மரமும் மின்னும் அரண்மனைகள், விந்தையான அந்த இருட்டு ஆகியவற்றை அவர்கள் நேசித்தார்கள். ஒரு ரசிகர் வெட்டி எறியப்பட்ட காட்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் மாற்றுத் தொகுப்பைத் தானே உருவாக்கினார். குறை சொல்லிவிட்டு எழுந்து போகலாம். குறை சொல்லிவிட்டுக் கத்தரியைக் கையில் எடுப்பவரை என்னென்பது?

அடுத்து 2000ஆம் ஆண்டு. ஜான் ஹாரிசன் இயக்கிய மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர். பிராக் நகரப் படப்பிடிப்புத் தளத்தில், பாலைவனத்துக்குப் பதில் தீட்டிய திரைச்சீலைகளை நிறுத்தி எடுத்தார்கள். ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டோராரோ. பின்னணி ஓவியம் என்பது பளிச்சென்று தெரிகிறது, தொப்பிகள் கண்ணை உறுத்துகின்றன என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அதே ரசிகர்கள், நாவலுக்கு இவ்வளவு நெருக்கமாக யாரும் வரவில்லை என்றும் சொன்னார்கள். ஒளிப்பதிவுக்கும் காட்சி விளைவுக்கும் எம்மி விருதுகள் கிடைத்தன.

அந்தத் தொடரில் ஒரு விருந்து உண்டு. அந்த விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாவலில், விருந்துக்கு வரும் சீமான்கள் வாசலில் கை கழுவி, தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து எறிவது வழக்கம். அந்தத் துண்டுகளைப் பிழிந்த தண்ணீருக்காக வெளியே ஏழைகள் காத்திருப்பார்கள். பாலின் தந்தை லேட்டோ கோமகன் அந்த வழக்கத்தை நிறுத்துகிறார். விருந்து முடியும் வரை வாசலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். ஒரு சமூகம் முழுவதும் அந்த ஒரு துண்டில் பிழிந்து வைக்கப்பட்டிருக்கிறது! லிஞ்சின் படத்தில் இந்த விருந்து இல்லை. பின்னர் வந்த டெனி வில்னவ் படத்திலும் இல்லை. ஆகவே விருந்து எங்கே என்று வாசகர்கள் கேட்பதைச் சோற்றுக் காட்சிக்கான ஏக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரின் அரசியல் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போது வில்னவ். கியூபெக்கில் பிறந்தவர். பதின்பருவத்தின் தொடக்கத்தில் 'டூன்' படித்தவர். நண்பனோடு சேர்ந்து அதன் காட்சிகளை வரைந்து பார்த்தவர். ரசிகரே இயக்குநரானார் என்று சொல்லலாம். நாவலை இரண்டாகப் பிரித்தார். 2021 அக்டோபர் 22 அன்று முதல் பகுதி அமெரிக்காவில் வெளியானது, திரையரங்கிலும் வீட்டுத் திரையிலும் ஒரே நாளில். இந்த ஏற்பாட்டை வில்னவ் முன்பே எழுத்தில் கண்டித்திருந்தார். அப்போது இரண்டாம் பகுதிக்கு அனுமதியே கிடைத்திருக்கவில்லை! படத்தின் தொடக்கத்தில் 'முதல் பகுதி' என்று எழுத்து வந்தபோது, அடுத்தது வருமா என்று யாருக்கும் உறுதியில்லை. வீட்டில் பார்க்க வழியிருந்தும் ரசிகர்கள் அரங்குக்குப் போனார்கள். வாங்கிய டிக்கெட் ஒவ்வொன்றும் வாக்குச் சீட்டு. நான்கே நாளில், அக்டோபர் 26 அன்று, இரண்டாம் பகுதி அறிவிக்கப்பட்டது. படத்துக்கு 10 ஆஸ்கர் பரிந்துரைகள், 6 விருதுகள்.

வாதம் ஓய்ந்ததா? ஓயவில்லை. கோளின் சூழலியல் அறிஞர் கைன்ஸ் நாவலில் ஆண். படத்தில் ஷேரன் டங்கன்-பிரூஸ்டர் என்ற நடிகை. இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். அவர் நடிப்பைக் கண்டு பலர் ஏற்றார்கள். இதைவிடக் கனமான கேள்வி அரபு, முஸ்லிம் வாசகர்களிடமிருந்து வந்தது. ஹெர்பர்ட் மஹ்தி, ஜிஹாத் போன்ற சொற்களைத் தயக்கமின்றிக் கையாண்டவர். காகசஸ் மலையில் ரஷ்யப் பேரரசை எதிர்த்த இமாம் ஷாமிலின் வரலாற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டவர். படமோ ஜிஹாத் என்ற சொல்லை விட்டுவிட்டுப் புனிதப் போர் என்றது. ஜோர்டானின் வாடி ரம் பாலையில் படமெடுத்தார்கள். ஆனால் ஃப்ரெமென் தலைவர்களாக நடித்தவர்களில் அந்த நிலப்பகுதியின் முகங்கள் எங்கே? எங்கள் மணல் வேண்டும், எங்கள் சொல் வேண்டும், நாங்கள் வேண்டாமா? இந்தப் புகார், நாவலை நேசித்தவர்களின் நெஞ்சிலிருந்து வந்த புகார்.

2024 மார்ச் 1. இரண்டாம் பகுதி. உலகெங்கும் 70 கோடி டாலருக்கு மேல் வசூல். இங்கேதான் வழக்கு உச்சத்துக்கு வருகிறது.

நாவலில் சானி என்ற ஃப்ரெமென் பெண் பாலின் காதலி, அவன் மகனைப் பெற்றவள், அவனை நம்புகிறவள். முடிவில் அரசியலுக்காகப் பால் பேரரசன் மகளை மணக்க முடிவு செய்கிறான். மனைவி என்ற பெயர் அவளுக்கு, மனம் சானிக்கு என்று பாலின் தாய் ஆறுதல் சொல்கிறாள். சானி ஏற்கிறாள். படத்தில் சானி ஏற்கவில்லை. தொடக்கம் முதலே அவள் மீட்பர் கதையை நம்பவில்லை. அது தன் மக்களுக்குப் பூட்டப்பட்ட விலங்கு என்கிறாள். எல்லோரும் மண்டியிடும்போது அவள் நிற்கிறாள். பிறகு திரும்பி நடக்கிறாள்.

நாவலை மனப்பாடமாக வைத்திருந்தவர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். இது எங்கள் சானி இல்லை. பிறந்து, பேசி, நச்சு ஊசியால் எதிரியைக் கொல்ல வேண்டிய தங்கை ஆலியா இன்னும் தாயின் வயிற்றிலேயே இருக்கிறாள். பாலின் முதல் குழந்தை பிறக்கவே இல்லை. கணக்கில் வல்ல துஃபிர் ஹவாட்டைக் காணவே இல்லை. இவை எல்லாம் உண்மை. மறுக்க முடியாத உண்மை.

இன்னொரு சாரார் என்ன சொன்னார்கள்? அறுபது ஆண்டுகளாக எது பலர் காதில் விழாமல் போனதோ, அந்த எச்சரிக்கை இப்போதுதான் அரங்கில் கேட்டது என்றார்கள். வில்னவும் அதைத்தான் சொன்னார். பால் அட்ரெய்டீஸை வாசகர்கள் நாயகனாகக் கண்டதில் ஹெர்பர்ட் ஏமாற்றமடைந்தார், அதைத் திருத்தத்தான் 'மெசையா' எழுதினார், அந்தத் திருத்தத்தைச் சானியின் கண்வழியே இந்தப் படத்துக்குள்ளேயே கொண்டுவந்தேன் என்பது அவர் விளக்கம்.

1984ஐயும் 2024ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். லிஞ்ச் நாவலின் வரிகள் பலவற்றை அப்படியே பேசவிட்டார். ஒரு மழையால் அதன் பொருளைக் கவிழ்த்துவிட்டார். வில்னவ் ஒரு பெண்ணின் நெஞ்சையே மாற்றினார். அந்த மாற்றத்தால் பொருளைக் காத்தார். இந்த வேறுபாட்டை உலகுக்குச் சொன்னவர்கள் யார்? தலைமுறைகளைக் கடந்து நாவலைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு வழக்காடிய வாசகர்கள். அவர்கள் மழையைக் கண்டு சும்மா இருந்திருந்தால், அது பெய்யக் கூடாத மழை என்பது பிறருக்குத் தெரிந்தே இருக்காது.

மூன்றாவது படத்தை 2026 டிசம்பருக்கு அறிவித்திருக்கிறார்கள். அது 'டூன் மெசையா'வின் தழுவல். ரசிகர்கள் இப்போதே ஒரு முடிச்சைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்த நாவலில் சானி பாலோடு வாழ்கிறாள்; இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்து இறக்கிறாள்; கண்ணிழந்த பால் பாலைக்குள் தனியே நடந்து மறைகிறான். இரண்டாம் பகுதியின் கடைசிக் காட்சியிலோ பாலின் படை விண்கப்பல் ஏறிக்கொண்டிருக்கிறது. சானி மட்டும் மணல்மேட்டில் தனியாக, கலங்கிய கண்ணோடு, மணற்புழுவை வரவழைத்துக் காத்து நிற்கிறாள். போகிறவளை எந்தச் சொல் சொல்லித் திரும்பக் கூப்பிடுவது?